கடவுத்தொடரை எந்த இயந்திரத்தில் தட்டலாம்?



பூட்டி அனுப்பப்படும் மின்னஞ்சலைப் பற்றி நம் அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்டு வருகிறார்கள். மகன் துபாயில் இருக்கிறான், மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். வீட்டுப் பத்திரங்களையும் வங்கிக் காகிதங்களையும் பூட்டுப் போட்டு மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். திறப்பதற்குச் சில சொற்கள் கொண்ட ஒரு கடவுத்தொடரைத் தட்ட வேண்டியிருக்கிறது. “கடையில் உள்ள கம்ப்யூட்டரில் இதைத் தட்டலாமா? வேறு ஊரில் உள்ள கம்ப்யூட்டரை இங்கிருந்து இயக்கும்போது தட்டலாமா? லைன் பாதுகாப்பானது என்று திரையில் பூட்டுப் படம் போட்டிருக்கிறதே, அது போதாதா?” இவைதாம் கேள்விகள்.

சுருக்கமான பதில் இதுதான்: லைன் மட்டும் போதாது. தொடரைத் தட்டுகிற இயந்திரமும், பூட்டுத் திறக்கிற இயந்திரமும், இரண்டும் நம்முடையவையாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று பிறருடையது என்றாலும் தட்டக் கூடாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். நான் ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவன். ஆகவே எனக்குத் தெரிந்த உதாரணங்களைக் கொண்டே சொல்கிறேன்.

நமக்கு இது எதற்கு?

“இதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்கு அல்லவா?” என்று நினைக்க வேண்டாம். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு தோட்டப் பகுதிகளிலும், சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்திலும் வாழும் நம் குடும்பங்களுக்குக் காகிதம் என்பது சாதாரண விஷயம் இல்லை. ரேஷன் கார்டு ஒரு மாநிலத்தில், பிள்ளை படிப்பது இன்னொரு மாநிலத்தில். அப்பாவின் தோட்ட வேலைக்கான பி.எஃப். கணக்கு இங்கே, தாத்தா காலத்து நிலப் பட்டா போடியிலோ உசிலம்பட்டியிலோ. சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், ஆதார், பாஸ்போர்ட் என்று மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காகிதம் போய்க்கொண்டே இருக்கிறது. முன்பு தபாலில் போனது இப்போது மின்னஞ்சலில் போகிறது. தபாலில் ஒரு கவர் தொலைந்தால் அந்தக் கவர் மட்டும் போகும். மின்னஞ்சலின் சாவி பிறர் கைக்குப் போனால் பல ஆண்டுக் கடிதங்கள் ஒரே நாளில் போய்விடும்.

பூட்டிய அஞ்சல் என்பது என்ன?

சாதாரண மின்னஞ்சல் தபால் கார்டு மாதிரி. வழியில் லைனைக் காக்கும் ஏற்பாடு இருந்தாலும், அஞ்சலை வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் அது படிக்கக்கூடிய நிலையிலேயே இருக்கும். இதைத் தடுப்பதற்காக 1991இல் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபில் சிம்மர்மன் என்பவர் பி.ஜி.பி. என்ற நிரலை எழுதி வெளியிட்டார். இன்று தண்டர்பேர்டு போன்ற அஞ்சல் நிரல்களில் இருப்பது அதன் வழிவந்த முறைதான்.

இதில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று பொதுச்சாவி. இதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இதனால் பூட்ட மட்டுமே முடியும். மற்றொன்று அந்தரங்கச் சாவி. திறப்பதற்கு இது ஒன்றே வழி. மகள் நம் பொதுச்சாவியால் பூட்டி அனுப்புகிறாள். நாம் நம் அந்தரங்கச் சாவியால் திறக்கிறோம்.

இந்த அந்தரங்கச் சாவி மிக நீளமான ஓர் எண். மனப்பாடம் செய்ய முடியாது. ஆகவே ஒரு கோப்பாகக் கம்ப்யூட்டரிலோ கைபேசியிலோ இருக்கும். அந்தக் கோப்பைத் திருடிச் சென்றால் என்ன ஆவது? அதற்காக அந்தக் கோப்புக்கே ஒரு பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பூட்டைத் திறப்பதுதான் கடவுத்தொடர். ஆகவே திருடன் உள்ளே வர இரண்டு பொருள் வேண்டும்: சாவிக் கோப்பு ஒன்று, கடவுத்தொடர் மற்றொன்று. இரண்டும் ஒரே சமயத்தில் பிறர் இயந்திரத்துக்குப் போய்ச் சேரும்படி நாமே செய்துவிடக் கூடாது. இந்தக் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான்.

இங்கே வேறொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். சில வங்கிகள் பூட்டி அனுப்பும் கணக்கு விவரத் தாள்களும், நாம் தரவிறக்கிக்கொள்ளும் மின் ஆதாரும் இந்த வகைப் பூட்டு அல்ல. மின் ஆதாரின் கடவுச்சொல், பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. பெயர் தெரிந்தவன் ஆண்டை மட்டும் ஊகித்தால் போதும். நூறு முறை முயன்றால் திறந்துவிடும். பிறந்த தேதி முழுவதையும் வைத்தாலும் நூறு வருஷத்துக்கு 36,500 தேதிகள்தாம். கம்ப்யூட்டருக்கு அது பெரிய வேலை இல்லை. ஆகவே அவற்றை ஒட்டிய கவர் என்று கொள்ளுங்கள், பூட்டிய பெட்டி என்று கொள்ளாதீர்கள். ஆதாரைப் பிறருக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றால், எண்ணின் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை அனுப்புவது நல்லது.

லைனில் ஒட்டுக் கேட்பவர்

இனித் தொலைவிலிருந்து படிக்கும் விஷயத்துக்கு வருவோம்.

ரயில்வேயில் கண்ட்ரோல் போன் என்று ஒன்று உண்டு. ஒரு பகுதியில் உள்ள எல்லா ஸ்டேஷன்களும் ஒரே கம்பியில் கோத்திருக்கும். கண்ட்ரோலர் ஒரு ஸ்டேஷனை மட்டும் மணியடித்துக் கூப்பிடலாம். ஆனால் அவர் பேசுவதை மற்ற எந்த ஸ்டேஷனில் உள்ளவரும் ரிசீவரை எடுத்துக் கேட்கலாம். எந்த வண்டி எங்கே வருகிறது என்று அறிய அது வசதிதான். ஆனால் ரகசியம் பேசுவதற்கு ஏற்ற லைன் அல்ல.

ஆரம்பகாலத்து இணையம் அப்படித்தான் இருந்தது. நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பை அன்றைய வி.எஸ்.என்.எல். 1995 ஆகஸ்ட் 15ஆம் நாள் தொடங்கியது. மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் கிடைத்த மலிவான கணக்குகளில் படம் எதுவும் வராது, எழுத்து மட்டுமே. டெலிபோனில் மோடத்தை இணைத்துத் தொலைவில் உள்ள பெரிய கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும். அஞ்சல் இருப்பது அங்கே, படிக்கும் நிரல் ஓடுவது அங்கே. நம் வீட்டில் இருப்பது வெறும் திரையும் விசைப்பலகையும்தான். இப்படித் தொலைவில் உள்ள இயந்திரத்துக்குள் நுழைய அப்போது உலகெங்கும் பயன்பட்ட டெல்நெட் என்ற முறையில், தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அப்படியே பச்சையாகக் கம்பியில் போகும்.

இதனால் வந்த கேட்டை அமெரிக்காவின் செர்ட் என்ற பாதுகாப்பு அமைப்பு 1994 பிப்ரவரியில் அறிவித்தது. இணையத்தின் பல இடங்களில் ஒட்டுக்கேட்கும் நிரல்களை வைத்துப் பல்லாயிரக்கணக்கான கணக்குகளின் கடவுச்சொற்களைத் திருடியிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலிலும் இதே போன்ற திருட்டு நடந்தது. அங்கே இருந்த டாட்டு இலோனென் என்பவர் அதற்கு மாற்றாக 1995இல் எஸ்.எஸ்.எச். என்ற முறையை எழுதினார். இதில் நம் இயந்திரத்துக்கும் தொலைவில் உள்ள இயந்திரத்துக்கும் நடுவே போகும் எல்லாமே பூட்டப்பட்டுப் போகும். இன்று இணையப் பக்கங்களின் முகவரி அருகே காணும் பூட்டுப் படத்தின் பொருளும் இதே போன்றதுதான்: நடுவழியில் கேட்க முடியாது.

நடுவழியைக் காக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாடு சம்பந்தப்பட்ட சம்பவமே உண்டு. 2007 ஆகஸ்டில் சுவீடனைச் சேர்ந்த டான் எகெர்ஸ்டாட் என்பவர் நூறு மின்னஞ்சல் கணக்குகளின் கடவுச்சொற்களை வெளியிட்டார். அவற்றில் வெளிநாடுகளில் உள்ள இந்தியத் தூதரகங்கள் சிலவற்றின் கணக்குகளும், தேசியப் பாதுகாப்பு அகாடமி, டி.ஆர்.டி.ஓ. ஆகியவற்றின் கணக்குகளும் இருந்தன. அவர் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. டோர் என்று ஒரு வலைப்பின்னல் உண்டு. யார் பார்க்கிறார்கள் என்பதை மறைப்பது அதன் வேலை. தன்னார்வலர்கள் பலர் தரும் கம்ப்யூட்டர்கள் வழியாக அது ஓடுகிறது. அதில் கடைசி வாசலாக அவர் சில கம்ப்யூட்டர்களை வைத்தார். அதுவரை பூட்டிப் போகும் செய்தி, கடைசி வாசலைத் தாண்டும்போது அனுப்பியபடியே வெளிவரும். பூட்டாமல் அனுப்பிய கடவுச்சொற்கள் அவர் கண்முன் வரிசையாகப் போயின. ‘டோர் எல்லாவற்றையும் காக்கும்’ என்று நம்பியதால் வந்த வினை. ஒரு பாதுகாப்பு எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அதை நம்பக் கூடாது.

லைன் சரி, முனை சரியா?

எஸ்.எஸ்.எச். வந்த பிறகு லைன் கெட்டியாகிவிட்டது. ஆனால் லைன் போய் முடியும் இடத்தில் இருக்கும் இயந்திரம் யாருடையது?

ரயில்வேயிலிருந்தே இன்னோர் உதாரணம். சிக்னல்களையும் பாயிண்டுகளையும் இயக்கும் பேனல் போர்டில் ஸ்டேஷன் மாஸ்டருக்கென்று ஒரு சாவி உண்டு. அது போர்டில் இல்லாவிட்டால் பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் வேலை செய்யாது. அந்தச் சாவி மாஸ்டரின் சொந்தப் பொறுப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. போன் லைன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும், “என் சாவியைக் கொடுத்தனுப்புகிறேன், நீங்களே திருப்பிக்கொள்ளுங்கள்” என்று அடுத்த ஆளிடம் எந்த மாஸ்டரும் சொல்ல மாட்டார்.

அந்தரங்கச் சாவியைத் தொலைவில் உள்ள கம்ப்யூட்டரில் வைத்துவிட்டு, கடவுத்தொடரை இங்கிருந்து தட்டி அனுப்புவது இதைத்தான் செய்கிறது. தொடர் நடுவழியில் பத்திரமாகப் போகும். போய்ச் சேர்ந்ததும் அந்த இயந்திரத்தின் நினைவகத்தில் பச்சையாக நிற்கும். அங்கே முழு அதிகாரம் உள்ள நிர்வாகியோ, அதற்குள் புகுந்த திருடனோ எடுத்துக்கொள்ளலாம். சாவிக் கோப்பும் அங்கேயே இருக்கிறதல்லவா? இரண்டும் போயிற்று. பலர் சேர்ந்து பயன்படுத்தும் கம்ப்யூட்டர்களில் இந்த அபாயம் உண்டு என்று சிம்மர்மனே பி.ஜி.பி.யின் கையேட்டில் எச்சரித்திருக்கிறார்.

இது வெறும் ஊகம் அல்ல. கனடாவில் ஹஷ்மெயில் என்ற பூட்டிய அஞ்சல் சேவை உண்டு. ஆரம்பத்தில் பூட்டைத் திறக்கும் வேலை வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரிலேயே நடக்கும்படி வைத்திருந்தார்கள். அது சிரமம் என்று பலர் கருதியதால், கடவுத்தொடரைத் தங்கள் சர்வருக்கு அனுப்பி அங்கேயே திறக்கும் எளிய முறையையும் கொடுத்தார்கள். லைன் பூட்டிய லைன்தான். ஆனால் கனடா நீதிமன்றத்தின் உத்தரவு வந்தபோது, அந்த நிறுவனம் சில கணக்குகளின் கடிதங்களைத் திறந்த நிலையிலேயே கொடுக்க முடிந்தது. பன்னிரண்டு குறுந்தகடுகள் அமெரிக்க விசாரணையாளர்கள் கைக்குப் போயின என்பது 2007இல் வெளியாயிற்று. அந்த வழக்கின் நியாயம் வேறு விஷயம். நாம் அறிய வேண்டியது ஒன்றே: பூட்டு எங்கே திறக்கிறதோ, அந்த இடத்துக்கு உரியவரால் கடிதத்தைப் படிக்க முடியும்.

தட்டுகிற முனையும் அப்படித்தான். 1999இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் நிக்கோடெமோ ஸ்கார்ஃபோ என்பவரின் கம்ப்யூட்டரில் பி.ஜி.பி. பூட்டுப் போட்ட கோப்பு ஒன்று எஃப்.பி.ஐ. விசாரணையில் அகப்பட்டது. பூட்டை உடைக்க முடியவில்லை. ஆகவே நீதிமன்ற அனுமதியுடன் அவருடைய கம்ப்யூட்டரில் தட்டும் விசைகளைப் பதிவு செய்யும் கருவியை வைத்தார்கள். அவர் தட்டினார், தொடர் கிடைத்துவிட்டது. அது அவர் தந்தையின் சிறைக் கைதி எண் என்று தெரிந்தது. உலகம் உடைக்க முடியாத கணக்கு ஒருபுறம் இருக்க, விசைப்பலகை வழியே எல்லாம் வெளியே வந்துவிட்டது.

அன்று அரசாங்கம் சிரமப்பட்டுச் செய்ததை இன்று ஒரு சிறு நிரல் செய்துவிடும். பிரவுசிங் சென்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ உள்ள கம்ப்யூட்டரில் அத்தகைய நிரல் இருப்பது கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். கேரள அரசு 2002இல் மலப்புரம் மாவட்டத்தில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரப்பிய அக்ஷயா மையங்கள் நமக்கு எவ்வளவோ உதவி செய்கின்றன. அங்கே உள்ளவர்களின் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. நாள் முழுவதும் பலருடைய பென் டிரைவ் ஏறி இறங்கும் எந்த இயந்திரத்துக்கும் யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

தட்டும் தாளமும் பேசும்

இன்னொரு நுட்பமான விஷயமும் உண்டு. பாலக்காட்டிலிருந்து சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு பம்பாய்க்கும் டில்லிக்கும் போன தலைமுறையை நாம் அறிவோம். அடுத்த அறையில் இருந்துகொண்டே, தட்டும் ஓசையை வைத்து யார் தட்டுகிறார் என்று சொல்லக்கூடியவர்கள் அவர்களில் உண்டு. தந்தி அலுவலகத்திலும் கட்டுக்கடா ஓசையின் நடையை வைத்து எதிர்முனையில் இருப்பவரை அடையாளம் காண்பார்கள்.

எஸ்.எஸ்.எச். முறையில் முன்பெல்லாம் நாம் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனிப் பொட்டலமாக உடனே கிளம்பியது. பொட்டலத்தின் உள்ளே இருப்பது தெரியாது. ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி தெரிந்தது. ஒரே கையால் தட்டும் இரண்டு எழுத்துகளுக்கும், இரு கையால் தட்டும் இரண்டு எழுத்துகளுக்கும் இடைவெளி வேறுபடும். 2001இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர், இந்த இடைவெளியை அளந்தே கடவுச்சொல்லைத் தேடும் வேலையைக் கணிசமாகக் குறைக்கலாம் என்று காட்டினார்கள். சாதாரணக் குடும்பத்துக்கு இது பெரிய பயம் அல்ல. ஆயினும் நீண்ட தொலைவுக்கு எழுத்து எழுத்தாகத் தொடரைத் தட்டி அனுப்புவது ஏன் நல்லதல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம். நம் இயந்திரத்திலேயே தட்டித் திறந்தால் வெளியே எதுவும் போவதில்லை.

திரையைக் காட்டி உதவி கேட்கும்போது

இப்போது எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற செயலிகள் மூலம் வெளியூரில் உள்ள பிள்ளைகள் நம் கம்ப்யூட்டரையோ கைபேசியையோ இயக்கிச் சரிசெய்து கொடுக்கிறார்கள். நல்ல வசதி. ஆனால் அந்த நேரத்தில் நம் திரையில் வருவதெல்லாம் அவர் திரையிலும் வரும். சொந்தப் பிள்ளையானால் பரவாயில்லை. வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி இதே செயலியைப் போடச் சொல்லும் மோசடிக்காரர்களைக் குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. நாமாக அழைக்காத எவருக்கும் அந்த இணைப்பைக் கொடுக்கக் கூடாது. பிள்ளையே இணைந்திருந்தாலும், கடவுத்தொடர் தட்டும் முன்பு இணைப்பைத் துண்டித்துவிடுவது நல்ல பழக்கம். வேலை முடிந்ததும் மறுபடி இணைத்துக்கொள்ளலாம்.

கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் கடவுத்தொடரையும் சிலர் ஒன்றாக நினைக்கிறார்கள். ஸ்டேஷன் மாஸ்டர்கள் போனில் ஒரு செய்தியை உறுதிப்படுத்தும்போது பிரைவேட் நம்பர் என்று ஓர் எண்ணைச் சொல்வார்கள். அதற்கென்று அச்சிட்ட தாள் உண்டு. ஓர் எண்ணைச் சொன்னதும் அதை அடித்துவிட வேண்டும், மறுபடி பயன்படாது. ஓ.டி.பி. அந்த வகை. ஒட்டுக் கேட்டவனுக்கும் அது சில நிமிடத்துக்குத்தான் பயன்படும். கடவுத்தொடர் அப்படி அல்ல. ஒருமுறை வெளியானால், சாவிக் கோப்பும் கையில் உள்ளவனுக்குப் பழைய கடிதங்கள், இனி வரப்போகும் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் அதுவே போதும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, கடிதத்தைத் தேடிச் சாவி போகக் கூடாது. சாவி இருக்கும் இடத்துக்குக் கடிதம் வர வேண்டும். பூட்டிய அஞ்சலைப் பூட்டியபடியே நம் சொந்தக் கைபேசிக்கோ கம்ப்யூட்டருக்கோ இறக்கிக்கொண்டு அங்கே திறக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தண்டர்பேர்டு நிரல் போதும். 2020 முதல் பூட்டித் திறக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் புரோட்டான் மெயில் போன்ற சேவைகளில் பூட்டுத் திறப்பது நம் கையில் உள்ள கருவியில்தான். ஆனால் அதையும் கடைக் கம்ப்யூட்டரில் திறந்தால் பயன் இல்லை, அந்தக் கருவி நம்முடையது அல்லவே!

இரண்டாவது, அச்செடுக்கக் கடைக்குப் போக வேண்டியிருந்தால், நம் கைபேசியில் திறந்து, தேவையான அந்த ஒரு தாளை மட்டும் கடைக்காரருக்கு அனுப்புங்கள். அச்சானதும் அங்கே அழிக்கச் சொல்லுங்கள். அந்த ஒரு தாளைக் கடைக்காரர் பார்க்கலாம். சாவி நம்மிடமே இருக்கும்.

மூன்றாவது, கம்ப்யூட்டர் துறையில் உள்ள நம் பிள்ளைகளுக்கு: தொலைவில் உள்ள சர்வரிலேயே அஞ்சலைத் திறக்கும் கட்டாயம் இருந்தால், அந்தரங்கச் சாவியை அங்கே நகல் எடுக்க வேண்டாம். சாவியும் தொடரும் இங்கேயே இருக்க, திறக்கும் கணக்கை மட்டும் இங்கே செய்து அனுப்பும்படி ஜி.பி.ஜி. நிரலின் ஏஜெண்டை எஸ்.எஸ்.எச். வழியாக இணைக்கலாம். அப்போதும் திறந்த கடிதத்தை அங்கே உள்ளவர் பார்க்க முடியும், இணைப்பு இருக்கும் வரை சாவியைப் பயன்படுத்தவும் முடியும். ஆனால் சாவியை எடுத்துக்கொண்டு போக முடியாது.

நான்காவது, பிறர் இயந்திரத்தில் ஏற்கெனவே தட்டியிருந்தால், தொடரை மாற்றினால் மட்டும் போதாது. சாவிக் கோப்பின் பழைய நகல் ஒன்று யாரிடமாவது இருந்தால் அது பழைய தொடருக்கே திறக்கும். புதிய சாவி ஜோடியை உண்டாக்கி, பழையதை ரத்து செய்ததாக உறவினர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

நல்ல தொடரை அமைப்பது

மகள் பெயர், பிறந்த நாள், வண்டி எண் ஆகியவை கூடாது. குறளோ, சினிமாப் பாட்டோ, பழமொழியோ கூடாது. பிரபலமான வரிகள் எல்லாம் திருடர்களின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும். நமக்குள் தோன்றும் சொற்களும் ஒன்றையொன்று இழுத்து வரும். ஆகவே குலுக்கல் முறையே சிறந்தது.

வீட்டில் 500 பக்கத் தமிழ் அகராதி ஒன்று இருக்கிறது, பக்கத்துக்கு 20 சொல் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 10,000 சொற்கள். பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதிய பத்துச் சீட்டுகளை டம்ளரில் போட்டுக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் போட்டு, பக்க எண்ணையும் சொல் எண்ணையும் முடிவு செய்யுங்கள். பொருந்தாத எண் வந்தால் மறுபடி குலுக்குங்கள். இப்படி ஆறு சொற்கள். மொத்த வாய்ப்பு, ஒன்றுக்குப் பின்னால் 24 பூஜ்யம். நொடிக்கு ஒரு லட்சம் கோடி முறை முயன்றாலும் முழுவதையும் பார்த்து முடிக்க முப்பதாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். ‘கொக்கி தவிடு மாமாங்கம் சிலந்தி வடம் ஏலம்’ என்பது போல வரும். இதையே வைத்துக்கொள்ள வேண்டாம், அச்சில் வந்துவிட்டது!

ஆங்கில எழுத்திலேயே தட்டும்படி அமைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கருவியிலும் தமிழ் விசைப்பலகை இருக்காது. ழகரத்துக்கு எந்த எழுத்து, நெடிலுக்கு ஓர் எழுத்தா இரண்டா என்பதை முதலிலேயே முடிவு செய்து, அதை மாற்றாமல் இருக்க வேண்டும்.

மறந்தால் என்ன ஆகும்? வங்கிக் கடவுச்சொல் மறந்தால் வேறொன்று தருவார்கள். இந்தப் பூட்டுக்கு அப்படி யாரும் இல்லை. நமக்கு ஏதேனும் ஆகிவிட்டால், குடும்பத்தின் காகிதமெல்லாம் திறக்க முடியாமல் கிடக்கும். ஆகவே தொடரை ஒரு தாளில் எழுதி, கவரில் ஒட்டி, பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வையுங்கள். வீட்டில் பொறுப்பான ஒருவரிடம் அது இருக்கும் இடத்தைச் சொல்லி வையுங்கள். கைபேசியில் மட்டும் படம் எடுத்து வைக்காதீர்கள். அந்தப் படம் நமக்குத் தெரியாமலே வேறெங்கோ ஒரு சர்வரில் போய் உட்கார்ந்திருக்கும்.

“அஞ்சலைப் பூட்டுவது சட்டப்படி சரியா?” என்றும் கேட்டார்கள். குடும்பக் கடிதத்தைப் பூட்டி அனுப்புவது குற்றம் அல்ல. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 69ஆம் பிரிவின்படி, நாட்டின் பாதுகாப்பு முதலிய குறிப்பிட்ட காரணங்களுக்காக அரசு முறைப்படி உத்தரவிட்டால் திறப்பதற்கு உதவ வேண்டும். மறுத்தால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இவ்வளவையும் நினைவில் வைப்பது கடினமாக இருந்தால், கடவுத்தொடர் கேட்கும் கட்டம் திரையில் வந்ததும் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த விசைப்பலகை யாருடையது? பூட்டுத் திறக்கப் போகும் இயந்திரம் யாருடையது? இரண்டுக்கும் ‘என்னுடையது’ என்று பதில் வந்தால் தட்டுங்கள். வராவிட்டால், வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ளலாம். பூட்டிய கடிதம் பத்திரமாகக் காத்திருக்கும்.